சீட்டின் உயரத்தை எங்கிருந்து அளப்பது?

"சைக்கிள் ஓட்டினா முட்டி தேஞ்சிடும்" என்று சொல்லாத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். லிஃப்டில் மேல்வீட்டுக்காரர் சொல்வார். நாற்பதைத் தாண்டிய ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் போதும், அவருடைய முட்டியைப் பற்றி ஊரே கவலைப்பட ஆரம்பித்துவிடும். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் போன வருடம் இதையே ஒரு மருத்துவர் என் அக்காவிடம் சொல்ல, அவளும் நம்பி, ஆசையாக வாங்கிய சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிப் பழைய போர்வையால் மூடிவிட்டாள். அதன் பிறகு என்னால் சும்மா தலையாட்ட முடியவில்லை.

அக்கா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார்கள். நடப்பது அவளுக்கு அலுப்பு. பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் ஒரு சைக்கிள் வாங்கினாள். நடுக்கம்பி இல்லாத லேடீஸ் மாடல், பின்சக்கரத்தில் மட்டும் கியர், நேரான ஹேண்டில்பார். விடியற்காலையில் உத்திர வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றுவாள். கால் பழகியதும் மேலூர்ப் பக்கம் போய்விட்டு வருவாள். சில வாரங்களில் முட்டியின் முன்பக்கம், சில்லை ஒட்டி வலிக்க ஆரம்பித்தது. படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போனது. தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வயதுக்கு உரிய தேய்மானம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை, சைக்கிளை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எதைச் செய்தால் வலிக்கிறதோ அதை நிறுத்து என்பது நியாயமான யோசனைதான். அவர் அக்காவைப் பார்த்தார், எக்ஸ்ரேவைப் பார்த்தார். சைக்கிளைப் பார்க்க அவருக்கு ஏது வழி? அந்த மூன்றாவது பொருளை யாராவது பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

சைக்கிளுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள். அந்தக் காலத்துத் தபால்காரர் ஓட்டவில்லையா, பால்காரர் ஓட்டவில்லையா, அவர்கள் முட்டியெல்லாம் என்ன ஆயிற்று என்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. அவர்கள் முட்டி என்ன ஆயிற்று என்று யார் போய்க் கேட்டோம்? வலித்திருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள். சைக்கிள் முட்டியைக் கெடுக்கும் என்பதும் கெடுக்கவே கெடுக்காது என்பதும், எந்த சைக்கிள், யார் முட்டி என்று கேட்காமல் சொல்லும் ஒரே ரகப் பேச்சு.

ஒரே வட்டம்

நடக்கும்போது ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறுபடும். பள்ளத்தைத் தாண்டுவோம், மாட்டுக்கு ஒதுங்குவோம், கால் வலித்தால் நமக்கே தெரியாமல் பாதத்தைத் திருப்பி வைப்போம். சைக்கிளில் அந்தச் சலுகை கிடையாது. இடுப்பு சீட்டில், பாதம் பெடலில், பெடல் அதைச் சுழல் அச்சோடு இணைக்கும் கிராங்க் என்ற கம்பியில். மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி, கிராங்க் போடுகிற வட்டத்தைத்தான் தானும் போட்டாக வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தாலே ஒவ்வொரு காலும் மணிக்கு 3,600 முறை மடங்கி நீளும். பழகியவர்கள் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பார்கள். அவர்களுக்கு அது 5,000ஐ ஒட்டி வந்துவிடும். ஒரு தடவை மிதித்தால் தெரியாத கோணல் 3,600 தடவையில் தெரிந்துவிடும்.

சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே கீழே தள்ள வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. மடக்கு எவ்வளவு அதிகமோ, அழுத்தமும் அவ்வளவு அதிகம். வலி முன்பக்கம் வருவது இதனால்தான். சீட் மிக உயர்ந்திருந்தால் கதை மாறும். பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடும், தொடையின் பின்தசை இழுபடும், முட்டிக்குப் பின்னால் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வரும் என் அலுவலகத்துப் பையன் ஒருவனுக்கு இந்த இரண்டாவது ரகம். பந்தயக்காரர்களின் படத்தைப் பார்த்து அதே மாதிரி சீட்டைத் தூக்கி வைத்திருந்தான். பின்னால் போனால் அவன் இடுப்பு ஆடுவது தனியாகத் தெரியும். முட்டியின் வெளிப்பக்கம் வலித்தால் பாதம் பெடலில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். வலி எந்த இடத்தில் என்பதை வைத்து எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். வீக்கம் இருந்தாலோ, முட்டி பூட்டிக்கொண்டாலோ, ஓட்டாத நாளிலும் வலி விடாமல் இருந்தாலோ ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அக்காவின் வலி முன்பக்கம். போர்வையை விலக்கிப் பார்த்தேன். சீட் கம்பி முழுக்க உள்ளே இறங்கி, சீட் ஃப்ரேமின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

கால் எட்டணும்

அது அவளாக வைத்ததில்லை. கடையில் வைத்துக் கொடுத்தது. நம் ஊரில் எந்த சைக்கிள் கடையிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஏறி உட்காரச் சொல்லி, "கால் எட்டுதாம்மா?" என்று கேட்பார்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்வரை சீட் இறங்கும். பதிந்ததும் நட்டை முறுக்கிவிட்டு, காற்றும் அடித்து அனுப்பிவிடுவார்கள். பெடலில் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வாங்க வருபவரும் கேட்பதில்லை. எட்டினால் மனசுக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

இதில் ஒரு சாதாரணக் கணக்கு இடிக்கிறது. கிராங்க் சுழலும் அச்சு தரையிலிருந்து சுமார் 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். ஆக, பெடல் மிகக் கீழே இருக்கும்போதும் தரைக்கு மேலே 11 சென்டிமீட்டரில் நிற்கும். அந்தப் பெடலில் கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டுமென்றால், அதே சீட்டில் உட்கார்ந்தபடி இன்னும் 11 சென்டிமீட்டர் கீழே உள்ள தரையில் பாதம் பதியவே பதியாது. வண்டியை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு காலின் நுனி தொடும். பாதம் முழுதாகப் பதிகிறது என்றால் அந்த சீட் மிதிப்பதற்குத் தாழ்வு என்றே அர்த்தம். கடையில் வைக்கும் பரீட்சையில் தேறிய சைக்கிள் ஒவ்வொன்றும் சாலையில் தோற்கும். விதிவிலக்கு உண்டு. எலெக்ட்ரா நிறுவனத்தின் டவுனி மாதிரி சில வண்டிகளில் கிராங்கையே முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கால் முன்னோக்கி நீளும், தரையும் எட்டும். நம் தெருவில் அவற்றைப் பார்ப்பது அபூர்வம்.

தரை எட்ட வேண்டும் என்ற ஆசையை நான் கேலி செய்யவில்லை. இன்றைய சைக்கிளே அந்த ஆசையில் பிறந்ததுதான். அதற்கு முன்னால் இருந்த, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும் பென்னி ஃபார்த்திங்கில் பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சில் இருந்தது. அதனால் வாங்குபவரின் கால் நீளத்தைப் பார்த்துத்தான் சக்கரத்தின் அளவையே தேர்ந்தெடுத்தார்கள். மிதிப்பதற்கு அருமையான பொருத்தம், விழுந்தால் தலைகுப்புற. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், சங்கிலி வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டியது. ஆளைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. விழுகிற பயம் குறைந்தது. ஆனால் எந்த உயரக்காரரும் வாங்கலாம் என்று ஆனபோது, பொருத்தம் என்பது கடையிலேயே முடிகிற வேலையாக இல்லாமல், வாங்கியவர் ஸ்பேனர் எடுத்துச் செய்யவேண்டிய வேலையாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் அந்த ஸ்பேனரை எடுப்பதே இல்லை. வாடகை சைக்கிளில் பழகிய தலைமுறைக்கு சீட் நகரும் என்பதே தெரியாது. துருப்பிடித்து ஃப்ரேமோடு ஒட்டிப்போயிருக்கும். அப்பாவின் ஹெர்குலிஸ் இருந்தால் அவர் உயரம்தான் எல்லோருக்கும் உயரம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறியவர்கள் நிறைய. நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி எடுத்தவர்களும் இருந்தார்கள். உடம்பு அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பொருத்தமற்ற சைக்கிள். பின்னால் குடம், முன்னால் பிள்ளை என்று போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான சைக்கிள் வேறில்லை. சுமையோடு போகிறவர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. நிற்கும்போது வண்டி சாய்ந்தால் பிள்ளையும் சேர்ந்தல்லவா விழும்?

சூத்திரங்கள் உதவுமா?

அக்காவின் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். இந்த விஷயத்தில் சூத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. மிகப் பிரபலமானது 0.883. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் சீட் அழுந்துவது போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்தக் காலளவை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். 1986இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரான கிரெக் லெமாண்டின் பெயரால் இதைச் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால் 1967இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் இருவரும் சொன்னது வேறு கணக்கு. பெடல் மிகத் தாழ்ந்திருக்கும்போது அதன் அச்சிலிருந்து சீட் வரை, காலளவில் 109 சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள்.

அக்காவின் காலளவு 71 சென்டிமீட்டர். முதல் கணக்கில் 62.7 வந்தது. இரண்டாவது கணக்கில் 77.4, அதிலிருந்து கிராங்கின் 17ஐக் கழித்தால் 60.4. இரண்டுக்கும் நடுவில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். முட்டி விஷயத்தில் 2 சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயம் கிடையாது. இதே கணக்கை 85 சென்டிமீட்டர் காலளவு உள்ளவருக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் அரை சென்டிமீட்டர் சுமாருக்கு ஒத்துப்போகும். காரணம் எளிது. முதல் சூத்திரம் கிராங்கின் நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. உயரமான ஐரோப்பியப் பந்தயக்காரர்களுக்கு அதனால் பாதகமில்லை. குள்ளமானவர்களுக்கு, அதாவது நம் ஊர்ப் பெண்களில் ஏராளமானோருக்கு, அது சீட்டைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிடும். போதாததற்கு அந்தச் சூத்திரம் பெடலில் மாட்டுகிற ஷூவை மனதில் வைத்தது. அக்கா ஓட்டுவது ரப்பர் செருப்பில்.

கிராங்க் பற்றி வாய் திறந்தால் நிறுத்த மாட்டேன், இருந்தாலும் ஒரு வார்த்தை. சட்டைக்கு அளவு உண்டு, செருப்புக்கு அளவு உண்டு. பெரியவர்கள் சைக்கிளில் கிராங்க் மட்டும் ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் பெரும்பாலும் 170 மில்லிமீட்டரை ஒட்டியே வருகிறது. குட்டையான காலுக்கு அந்த வட்டம் பெரிது. பெடல் மேலே வரும்போது முட்டி கூடுதலாக மடங்கித்தான் ஆக வேண்டும். சீட்டை எவ்வளவு சரியாக வைத்தாலும் இந்தக் குறையின் ஒரு பங்கு மிச்சமிருக்கும். பந்தயக்காரர்களே இப்போது குட்டைக் கிராங்குக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். ததேய் பொகாச்சார் 2024இல் ஓட்டியது 165 மில்லிமீட்டர். நம் தெருமுனைக் கடையில் போய் 160 மில்லிமீட்டர் கிராங்க் கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளை சைக்கிளுக்கா என்பார்கள்.

கடைசியில் எனக்குப் பிடித்தது பழைய குதிகால் முறைதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பெடல் மிகக் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஆடக்கூடாது. அந்த உயரத்தில் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அளந்து பார்ப்பவர்கள் 25 முதல் 35 டிகிரி வரை என்று சொல்கிற மடக்கு சுமாராக அதில் வந்துவிடும். இதற்கு டேப்கூட வேண்டாம், பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் போதும்.

துல்லியத்தின் மேல் ரொம்ப ஆசைப்படுபவர்களுக்கு பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1969இல் முதல் டூர் டி பிரான்ஸை வென்ற சில வாரங்களில், பிரான்ஸின் ப்ளுவா நகரத்துப் பந்தயத் தளத்தில் பெரிய விபத்து. அவருக்கு வேகம் கொடுக்க முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஃபெர்னாண்ட் வாம்ப்ஸ்ட் இறந்துபோனார். மெர்க்ஸின் இடுப்பு பிசகிவிட்டது. அதற்குப் பிறகு சீட் அவருக்கு ஒருநாளும் சரியாக அமையவில்லை. பந்தயத்துக்கு நடுவிலேயே ஸ்பேனரை எடுத்து சீட்டை மாற்றிக்கொள்வார். அந்த இடுப்போடுதான் 1972இல் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் அளவும் மாறும். ஒரே ஒரு சரியான எண் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் காசைத்தான் விரயம் செய்வார்கள்.

குரங்கு பெடல்

ஒரு மதியம், வெயில் தாழ்ந்ததும், அக்கா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். சீட் நட்டைத் தளர்த்தி இரண்டு விரல் அகலத்துக்குத்தான் உயர்த்தினேன். அக்கா ஏறி உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள், இறங்கிவிட்டாள்.

"டேய், கால் எட்டல."

"எட்டக்கூடாதுக்கா. பெடல்ல பாரு, கால் நல்லா நீளுது."

"பெடல்ல நீண்டு என்ன? குறுக்க நாய் வந்தா நான் பெடல்லயா நிப்பேன்? தெக்கு வாசல்ல ஆட்டோக்காரன் திடீர்னு திரும்புவான். உனக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவ."

முட்டிச்சில்லு, தொடை எலும்பு, கோணம் என்று நான் எடுத்துச் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைக் கேட்க வேண்டியதுதானே என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதுதான் நியாயம் என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் பட்டது. அவளுடைய பிரச்சினை சீட் உயரமே இல்லை. எப்படி நிற்பது என்பதுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு சீட் தாழ்வாக இருந்தே தீர வேண்டும். அவரிடம் எந்தச் சூத்திரத்தைக் காட்டினாலும் நாளைக்கு அவரே ஸ்பேனர் வாங்கி இறக்கிவிடுவார். சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கத் தெரிந்தவருக்கோ சீட் எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன? ஓட்டும்போதுதான் சீட் வேண்டும், நிற்கும்போது எதற்கு?

"சின்ன வயசுல லால்குடியில அப்பா சைக்கிள எப்படிக்கா ஓட்டின?" என்றேன்.

"குரங்கு பெடல்தான். அந்த சீட்டு என் நெஞ்சு உசரம்."

"அப்ப எதுல உக்காந்த?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குரங்கு பெடலில் ஏது உட்காருவது? நடுக்கம்பிக்குக் கீழே முக்கோணத்துக்குள் காலை விட்டு, ஒரு கை ஹேண்டில்பாரிலும் இன்னொரு கை சீட்டின் மேலுமாக, முழு எடையையும் பெடலில் வைத்து நின்றபடியேதான் ஓட்டுவது. பிரேக் பிடித்ததும் கீழே இருக்கும் பெடலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலைத் தரையில் வைக்க வேண்டும். பாவாடை கட்டிய ஒன்பது வயதில் செய்ததை மறுபடியும் செய்யச் சொன்னேன். இந்த வண்டியில் நடுக்கம்பிகூடக் கிடையாது, இன்னும் சுலபம். பிரேக், ஒரு பெடல் கீழே, அதன் மேல் எழுந்து நில், சீட்டை விட்டு முன்னால் வழுக்கு, மற்றக் காலைத் தரையில் வை. முதல் முறை ஹேண்டில்பாரில் வயிறு இடித்தது. இரண்டாவது முறை செருப்பு கழன்றது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வீதிக் கோடி வரை போய், திரும்பி, தானாக இறங்கி நின்றாள். கிளம்பும்போதும் அதே கணக்குதான். பெடலை மேலே கொண்டுவந்து, அதை மிதித்து எழுந்து, வண்டி நகர்ந்த பிறகு உட்கார்வது. "இது முன்னாடியே வரும்டா எனக்கு" என்று என்னிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

அன்றைக்கு இரண்டு விரல். மிச்சத்தை அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் என்று, மாமாவை வைத்தே ஏற்றினோம். மொத்தம் நாலு விரல் அகலம் ஏறியிருக்கும். குதிகால் முறையில் சரியாக நின்ற இடத்தில் அளந்தால் 60ஐத் தொடவில்லை, இரண்டு சூத்திரங்களுக்கும் கீழேதான். சீட் கம்பியில் இதற்கு மேல் வெளியே இழுக்காதே என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கம்பி வளையும், ஃப்ரேம் விரியும். முட்டி வலி மெல்லக் குறைந்து, படி இறங்கும்போது மட்டும் லேசாக என்று ஆகி, பிறகு அதைப் பற்றி அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். முழுப் பெருமையையும் சீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயத்தில் கியரையும் மாற்றச் சொல்லியிருந்தேன். கனமாக மிதித்தால்தான் எக்ஸர்சைஸ் என்று எப்போதும் இருப்பதிலேயே கடினமான கியரில் ஓட்டிக்கொண்டிருந்தாள். போதாததற்கு ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் மேலூர் வரை போனது வேறு. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. என் ஊகம், பெரும்பங்கு கியருக்கும் சீட்டுக்கும் கூட்டாகப் போகும் என்பது.

அப்புறம் கை

சீட் ஏறினால் அந்தக் கதை அங்கேயே முடியாது. சீட் உயர்ந்தால் ஹேண்டில்பார் அதற்கு ஏற்பத் தாழ்ந்ததாக ஆகிவிடும், உடம்பு முன்னால் சாயும், எடை கைக்குப் போகும். சில நாளில் அக்காவுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. சர்க்கரைதான் கையிலும் வந்துவிட்டது என்று பயந்துவிட்டாள். மரத்தது அந்த இரண்டு விரல் மட்டும், அதுவும் ஓட்டும்போது மட்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்குள் ஒரு நரம்பு போகிறது. ஹேண்டில்பார் அங்கே தொடர்ந்து அழுத்தினால் அந்த இரண்டு விரலுக்கும் உணர்ச்சி மங்கும். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு இது பழைய நோய். கவனிக்காமல் விட்டால் விரலில் பலமும் குறையும்.

பார்த்தால், ஜெல் கவர் வாங்கி மாட்டி, அது உறுத்துகிறது என்று சீட்டின் மூக்கையும் கீழே சாய்த்து வைத்திருக்கிறாள். மூக்கு சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கிற வேலை முழுவதும் கைக்கு. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கி சீட்டின் மேல் வைத்து மட்டம் பார்த்தோம். ஜெல் கவரைக் கழற்றச் சொன்னேன். மெத்தென்று இருப்பதெல்லாம் சுகமில்லை. உட்காரும் எலும்புகள் இரண்டும் மெத்தைக்குள் புதைந்தால் நடுவிலிருக்கும் மென்மையான இடம்தான் அழுந்தும். அந்த எலும்புகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரிய, பார்சல் வரும் நெளிநெளி அட்டையின் மேல் உட்கார்ந்து எழுந்தால் போதும், இரண்டு பள்ளம் விழும். பெண்களுக்குப் பொதுவாக இடைவெளி அதிகம், கொஞ்சம் அகலமான சீட் வேண்டும். கடையில் அகலமான சீட் கேட்டால் ஒரு தலையணையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அது இன்னொரு தொல்லை. ஹேண்டில்பாரை உயர்த்த அந்த வண்டியில் பெரிய வழியில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மேல்நோக்கித் திருப்பி மாட்டிக் கொஞ்சம் உயரம் சம்பாதித்தோம். அப்பாவின் ஹெர்குலிஸை நான் பெருமூச்சோடு நினைத்துக்கொண்டது அப்போதுதான். கால் அளவில் அது யாருக்கும் பொருந்தாத வண்டிதான். ஆனால் நிமிர்ந்து உட்காரவைத்து, கையை உடம்புப் பக்கமாக வளைத்துக் கொடுத்த அந்த ஹேண்டில்பாரில் யாருக்கும் விரல் மரத்ததாக நான் கேட்டதில்லை. இப்போது காய் வாங்கப் போகிறவருக்கும் மலையேறுகிறவர் மாதிரி நேர்க்கம்பி வைத்துத் தருகிறார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே கூடங்கள் வந்துவிட்டன. உடம்பில் புள்ளி ஒட்டி, வீடியோ எடுத்து, கோணம் அளந்து, சில ஆயிரங்கள் வாங்குகிறார்கள். 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் என்று ஓட்டுபவர்களுக்கு அது நல்ல முதலீடு. பழைய காயம் உள்ளவர்களுக்கும்தான். காலையில் கோயிலைச் சுற்றுபவருக்கு ஒரு ஸ்பேனரும், பின்னால் நின்று பார்க்கிற ஓர் ஆளும், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாத பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் காரியம் ஆகிவிடும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம், எங்களாலேயே முடியவில்லை. அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் வாங்கிக்கொண்டு போகும் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் சீட்டில்தான் கண் போகிறது. வகுப்பில் முதல் பெஞ்சுக்காரனும் கடைசி பெஞ்சுக்காரனும் ஒரே அளவு வண்டி. நெட்டையான பையன் முட்டி ஹேண்டில்பாரை இடிக்க இடிக்க மிதித்துக்கொண்டு போவான். சைக்கிள் கொடுக்கிற அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு மெக்கானிக்கை ஸ்பேனரோடு நிறுத்திவைத்தால் என்ன செலவாகிவிடும் என்று தோன்றும்.

அக்கா மறுபடியும் அதே மருத்துவரிடம் சர்க்கரைக்குப் போனபோது முட்டி எப்படி என்று கேட்டிருக்கிறார். சீட்டை ஏற்றியதைச் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து தன் மேஜையைச் சுற்றி வந்து, எவ்வளவு உயரம், எங்கிருந்து அளப்பது என்று விசாரித்தாராம். இப்போது வீட்டில் இருக்கும் தகராறு வேறு. மாமாவுக்கும் சைக்கிள் ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் காய் வாங்க அதை எடுத்துக்கொண்டு போகிறார், போகும்போது சீட்டை அடிவரை இறக்கிவிடுகிறார். அவருக்கு இறங்கி நிற்கிற வித்தை வேண்டாமாம், கால் எட்டணுமாம். மறுநாள் விடியற்காலையில் அக்கா இருட்டில் ஸ்பேனரைத் தேடுகிறாள். சீட் கம்பியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக் கொடுத்தேன், அளவு தப்பாமல் இருக்கிறது. ஸ்பேனரே வேண்டாத நெம்புகோல் பூட்டு மாட்டிவிடலாம் என்றும் சொன்னேன். ரெங்கா ரெங்கா கோபுர வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் சீட்டே இருக்காது என்று இரண்டு பேரும் அதில் மட்டும் ஒற்றுமையாக மறுத்துவிட்டார்கள்.